போதைத் தடுப்பு: மாலையை யார் கழுத்தில் போடுவது?

மலேசியாவில் போதைப்பொருள் எதிர்ப்புக்கென்று நாட்காட்டியில் இரண்டு நாட்கள் இருக்கின்றன. ஒன்று பிப்ரவரி 19. போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று 1983இல் அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்த தேதி. இன்னொன்று ஜூன் 26, ஐ.நா. பொதுச்சபை 1987இல் உலகம் முழுவதற்கும் குறித்துக் கொடுத்தது. பினாங்குக்காரர்கள் இவற்றோடு ஜூலை மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையையும் சேர்த்துக்கொள்ளலாம். அன்றுதான் மாநில ஆளுநரின் பிறந்தநாள், பி.ஜே.எம்., பி.ஜே.கே. என்று சமூக சேவைக்கான பட்டங்கள் வெளியாகும் நாள். இந்தத் தேதிகளை ஒட்டி பட்டர்வொர்த்திலும் பிறையிலும் நிபோங் திபாலிலும் ஏதாவது ஒரு மண்டபத்தில் இளைஞர்களைப் போதையிலிருந்து காக்கிறார் என்று யாருக்காவது பொன்னாடை போர்த்துவார்கள், கேடயம் கொடுப்பார்கள், மறுநாள் தமிழ்ப் பத்திரிகையின் உள்பக்கத்தில் படம் வரும். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் படங்களைத் தொடர்ந்து பார்த்து வந்தால் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: இந்த வேலையைத் தினமும் செய்கிறவர்கள் ஏன் அந்தப் படத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை?

காரணம் ஒன்றும் சதி இல்லை. தடுப்பு வேலையின் விளைவு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மருத்துவமனை கட்டினால் கட்டடம் நிற்கும். போதையிலிருந்து மீண்டவர் மேடை ஏறினால் கதை இருக்கும், கண்ணீர் இருக்கும், கைதட்டல் இருக்கும். ஆனால் படிவம் மூன்று படிக்கும் ஒரு பையன் சியாபு என்கிற மெத்தம்பெட்டமைன் பக்கம் போகவே இல்லை என்றால் அதற்கு என்ன படம் எடுப்பது? அவன் பாட்டுக்கு எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எழுதுகிறான், பாயான் லெப்பாஸில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்கிறான், கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். அவனுக்கே தெரியாது, தன்னை யாரோ தடுத்தார்கள் என்று. விருதுக் குழுவுக்கு எப்படித் தெரியும்? அதனால் குழு எண்ணக்கூடியதை எண்ணுகிறது: எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை டி-சர்ட் கொடுக்கப்பட்டது, எந்த ஒய்.பி. (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) தலைமை தாங்கினார்.

இங்கேதான் சிக்கல். எண்ணக்கூடிய அந்த வேலைகளில் பல பலன் தராதவை என்று ஆராய்ச்சிகள் சொல்லி வருஷக்கணக்காகிறது. ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் தடுப்புப் பணிக்கான சர்வதேசத் தரநிலைகள் என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அதைப் புதுப்பித்தது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சலித்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துச் சொல்லும் ஆவணம் அது. வேலை செய்யாதவை பக்கத்தைப் படித்தால் நம் பள்ளி ஹாலில் நடக்கும் நிகழ்ச்சியின் நிரலைப் படிப்பது மாதிரியே இருக்கும்: பயமுறுத்தும் படங்கள், தகவலை மட்டும் அடுக்கும் உரை, மாணவர்களுக்கு முன்னால் தன் கதையைச் சொல்லும் முன்னாள் போதைப்பித்தர்.

கடைசியாகச் சொன்னது பலருக்கு வலிக்கும், எனக்கும் வலித்தது, ஏனென்றால் அப்படிப் பேச வருகிறவர்கள் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் கேட்கிறவன் பதினாலு வயசுப் பையன். அவன் மேடையில் பார்ப்பது என்ன? போதைக்குள் போய், வெளியே வந்து, இப்போது நல்ல சட்டை போட்டு, மைக் பிடித்து, தலைமையாசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை. போனாலும் திரும்பி வரலாம் போலிருக்கிறதே என்று அவன் மூளை கணக்குப் போடும். பயமுறுத்தலும் அப்படித்தான். 'ஒரு தடவை தொட்டால் செத்தாய்' என்று போஸ்டர் சொல்கிறது, அவனுடைய நண்பன் போன மாதம் தொட்டான், இன்றைக்கும் சிரித்துக்கொண்டே ஃபுட்சால் ஆடுகிறான். அதற்கப்புறம் அந்தப் போஸ்டர் சொல்லும் உண்மையான விஷயத்தையும் அவன் நம்ப மாட்டான். அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டேர் என்ற திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்பறைக்குப் போய்ப் பாடம் எடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பின்னால் அளந்து பார்த்தபோது அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் நீடிக்கவில்லை.

சரி, எதுதான் வேலை செய்கிறது? சலிப்பூட்டும் பதில்தான். பிள்ளைக்கு வீட்டில் யாராவது காது கொடுப்பது. பள்ளியோடு அவனுக்கு ஏதாவது ஓர் ஒட்டுதல் இருப்பது. பள்ளி விட்டதிலிருந்து இருட்டும்வரை அவன் எங்கே, யாரோடு இருக்கிறான் என்று தெரிந்த ஒரு பெரியவர் இருப்பது. இந்தக் கடைசி விஷயத்தை ஐஸ்லாந்து நாடளவில் செய்து பார்த்தது. அங்கே 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 விழுக்காடு. தண்டனையைக் கூட்டிச் சாதித்ததில்லை. விளையாட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் குடும்பங்களுக்குக் காசு கொடுத்தார்கள், பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், பதின்ம வயதினர் இரவில் எத்தனை மணிவரை வெளியே இருக்கலாம் என்பதைச் சட்டமாக்கினார்கள், பெற்றோர்கள் பள்ளிவாரியாகக் கூடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஐஸ்லாந்து பணக்கார நாடு, மக்கள் தொகை பினாங்கில் கால்வாசிகூட இல்லை, அதை அப்படியே இங்கே இறக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகளின் நாள் எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று பார்க்க அந்தக் கண்ணாடி உதவும்.

அந்த ஓட்டை பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நடுவில் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தொழில்பேட்டையும் பிறைத் தொழில்பேட்டையும் நம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன, மறுக்கவில்லை. தோட்டத்தைவிட்டு ப்ளாட்டுக்கு வந்தவர்களில் பலர் அங்கேதான் வேலைக்குப் போனார்கள். ஆனால் ஷிப்டு வேலை. அப்பா காலை ஷிப்டு, அம்மா இரவு ஷிப்டு, அல்லது அதற்கு நேர்மாறு. தோட்டத்தில் இருந்த காலத்தில், அந்த வாழ்க்கையைப் பொன்னாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை, ஆனாலும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, வெளியே ஒரு பையன் சிகரெட்டோடு நின்றால் அவன் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போயிருக்கும். பதினேழு மாடி ப்ளாட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் பேர்கூடத் தெரிவதில்லை. மாடிப்படிக்கும் மொட்டை மாடிக்கும் தண்ணீர்த் தொட்டி அறைக்கும் யாரும் சொந்தமில்லை, அதனால் முதலில் வருகிறவனுக்குச் சொந்தம்.

அங்கே இப்போது முதலில் வருவது பெரும்பாலும் வேப், மின்சிகரெட். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் இருக்கிறது, பையன்களுக்குக் கிடைக்கிறது. அப்புறம், திரவத்துக்குள் செயற்கைப் போதையைக் கலந்து விற்கிறார்கள் என்பதால் வேப்புக்கும் போதைப்பொருளுக்கும் நடுவில் முன்பு இருந்த சுவரும் இடிந்துவிட்டது. வடக்கு மாநிலங்களில் கெத்தும் இலையைக் காய்ச்சிய தண்ணீர் பழையபடி ஓடுகிறது. அதற்கு அடுத்து சியாபு. சியாபுவைப் பற்றிப் பேசும்போது மேடைப் பேச்சாளர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு சங்கதி உண்டு: எல்லோரும் அதை 'ஜாலி'க்காக எடுப்பதில்லை. தூக்கம் வராது, பசி தெரியாது, உடம்பு அலுக்காது என்பதால் லோரி ஓட்டுகிறவர், இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்கிறவர் என்று வேலைக்காகவே தொடங்கியவர்கள் நிறைய. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டுக் குடும்பத்துக்குச் சம்பாதிக்கப் போன பதினேழு வயதுப் பையனுக்கு வேலை இடத்தில் மூத்தவர் ஒருவர் அதை நீட்டும்போது, 'கெட்ட சகவாசம்' என்ற வார்த்தையே அவன் தலையில் வராது, உதவி செய்கிறார் என்றுதான் நினைப்பான். ஹெராயின் காலத்தில் ஒரு பின்வாசல் இருந்தது, 2005இல் தொடங்கிய மெத்தடோன் மாற்று மருந்துச் சிகிச்சையால் பலர் மறுபடி வேலைக்குப் போனார்கள். சியாபுவுக்கு அப்படி மாற்று மருந்தாகக் கொடுக்க அங்கீகரிக்கப்பட்ட எதுவும் இல்லை. அதனால்தான் உள்ளே போவதற்கு முன் தடுக்கிறவரின் மதிப்பு இன்று முன்னைவிடக் கூடிப்போயிருக்கிறது.

அப்படியானால் அவர்கள் யார்? சாயங்காலம் ஐந்து மணிக்கு பாடாங்கில், அதாவது திடலில், விசிலோடு நிற்கும் கோச். அவர் போதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். இரண்டு நாள் ஒரு பையன் வராவிட்டால் மூன்றாவது நாள் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவார், அதுதான் அவர் செய்யும் தடுப்பு. ப்ளாட் கீழ்த்தளத்தில் டியூஷன் எடுக்கும் அக்கா, 'கணக்கு வரலன்னா பரவாயில்ல, வந்து உட்காரு' என்று சொல்கிறவர். கோயிலில் வெள்ளிக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளை உடனே அனுப்பாமல் ஒன்பது மணிவரை ஏதாவது சாக்குச் சொல்லி வைத்திருக்கும் ஐயா. பள்ளிக் கட்டொழுங்கு ஆசிரியர்களிலும் சிலர் உண்டு: பையில் வேப் கிடைத்த உடனே பையனை வெளியே தள்ளினால் அவன் நேரே மாடிப்படிக்குத்தான் போவான் என்று தெரிந்து, பெற்றோரைக் கூப்பிட்டு, மூன்று மாதம் தன் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருப்பவர்கள்.

உருமி மேளக் குழுக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசம் நெருங்கினால் அவர்களைத் திட்டுவது நமக்கு ஒரு வழக்கம்: சத்தம், சண்டை, கேங் சட்டை. சில குழுக்கள் அப்படித்தான், மறைக்க வேண்டாம். ஆனால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு மேளம் அடித்துக்கொண்டு வரும் இருபது பையன்கள் அதற்கு முன்னால் மூன்று மாதம் வாரத்தில் நான்கு இரவு ஒரே இடத்தில் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். எந்த அரசு இலாகாவின் நிகழ்ச்சிக்கு இந்த வருகை கிடைக்கும்? அந்தக் குழுவின் தலைவர் 'விரதத்தில் இருக்கிறவன்தான் அடிக்கலாம், வேப் பிடிச்சவன் வாத்தியத்தைத் தொடக்கூடாது' என்று ஒரு விதி வைத்தால், அதை மீறுகிறவன் இருபது நண்பர்களை இழக்கிறான். அறுபது பக்கக் கையேட்டால் இதைச் செய்ய முடியாது. அதே தலைவர் நேர்மாறான ஆளாக இருந்தால் இருபது பேரும் ஒரே இரவில் போவார்கள், அதுவும் உண்மை. அதனால்தான் அந்த அண்ணன் யார் என்பது ஊருக்கே முக்கியமான கேள்வி, நாம் அதைக் கேட்பதே இல்லை.

வேறு மாதிரி ஆட்களும் இந்த வரிசையில் வருவார்கள். ஸ்ரீ முருகன் நிலையத்தை டாக்டர் எம். தம்பிராஜா 1982இல் தொடங்கியது கல்விக்காக. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தது எத்தனை பேரை வேறு இடங்களுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. பினாங்கிலேயே, குளுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையத்தைக் கட்டி எழுப்பியவர் பேராசிரியர் வி. நவரத்தினம். போதைக்கு அடிமையானவனை ஒழுக்கம் கெட்டவனாக மட்டும் பார்த்த காலத்தில், அதை எண்களாலும் இரத்தப் பரிசோதனைகளாலும் புரிந்துகொள்ள முயன்ற இடம் அது. கெத்தும் பற்றி உலகம் மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் பல இன்றும் அங்கிருந்து வருகின்றன. நம் கோயில் மண்டபத்தில் அந்த மையத்தின் பெயரை யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

இந்த வேலைக்கு நம்மிடம் பழைய வேர் ஒன்றும் உண்டு. பக்கத்துக் கெடாவில், பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. தோட்டத்து இளைஞர்கள்தான். அவர்களுடைய முதல் இலக்கு கள்ளுக்கடை. சம்பளத்தைக் கையில் வாங்கியவன் வீட்டுக்குப் போகும் வழியில் கடையை வைத்து அதையே பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை அவர்கள் கடை வாசலில் நின்று தடுத்தார்கள். அரசாங்கத்துக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் அது பிடிக்கவில்லை. 1947இல் போலீஸோடு மோதல், உயிர்ப்பலி, கைதுகள் என்று அந்த இயக்கம் நசுக்கப்பட்டது. அவர்களுக்கு யாரும் கேடயம் கொடுக்கவில்லை, வழக்குதான் கொடுத்தார்கள். அவர்கள் செய்ததில் இன்றைக்கும் கவனிக்க வேண்டியது, குடிக்கிறவனுக்கு உபதேசம் சொல்வதோடு நிற்காமல் சரக்கு வந்து சேரும் இடத்தையும் நேரத்தையும் பார்த்து அங்கே போய் நின்றார்கள் என்பது.

இனி, கௌரவிப்பதில் இருக்கும் ஓர் ஆபத்து. அந்தக் கோச்சை நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். மேடை ஏற்றி, 'போதை ஒழிப்புப் போராளி' என்று பட்டம் கொடுத்து, பக்கத்தில் போலீஸ் அதிகாரியையும் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யின் அதிகாரியையும் நிறுத்திப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாயிற்று. அடுத்த வாரம் பாடாங்கில் என்ன நடக்கும்? ஏற்கெனவே ஒரு தடவை தொட்டுவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், அண்ணனிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பையன் வாயை மூடிக்கொள்வான். அண்ணன் இப்போது 'அவங்க ஆளு'. சட்டம் தெரிந்தால் இந்தப் பயம் புரியும். அபாயகரப் போதைப்பொருள் சட்டம் 1952இன் 15(1) பிரிவின்படி, கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தாலே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். அதனால்தான் அம்மாக்கள் மகன் விஷயத்தைத் தங்கள் அக்காவிடம்கூடச் சொல்வதில்லை.

ஆனால் வேறொரு கதவும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1983ஆம் ஆண்டின் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தில் தானாக முன்வந்து சிகிச்சை கேட்க இடமுண்டு, வயது குறைந்த பிள்ளைக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். 2010இலிருந்து ஏ.ஏ.டி.கே. தானே பல மையங்களைத் தன்விருப்பச் சிகிச்சைக்குத் திறந்துவிட்டது, 2024இல் அந்தச் சட்டமும் நாடாளுமன்றத்தில் பெரிதாகத் திருத்தப்பட்டது. போலீஸ் கதவைத் தட்டுவதற்கு முன் இந்தக் கதவைத் தட்டுவது என்பது ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருஷத்தை மாற்றும் விஷயம். அந்த அம்மாவின் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போகிறவர் அநேகமாக அதே கோச்தான், அதே டியூஷன் அக்காதான். அவர்களுடைய மூலதனம் ஊரின் நம்பிக்கை, வாயைத் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. நாம் போர்த்தும் பொன்னாடை அதைக் கெடுத்துவிடக் கூடாது.

மீண்டவர்களுக்கு எங்கே இடம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, பெரிய இடம். இன்னும் தொடாத பிள்ளைகளின் பள்ளி ஹாலில் இல்லை, ஏற்கெனவே சிக்கியவன் பக்கத்தில். மையத்திலிருந்து வெளியே வந்த முதல் ஆறு மாதம், வேலை கொடுக்க யாரும் இல்லாத, வீட்டில் பர்ஸைப் பூட்டி வைக்கும் அந்த ஆறு மாதம், அதைக் கடந்து வந்தவனைத் தவிர வேறு யாராலும் கூட நிற்க முடியாது. கோலாலம்பூரில் பெங்காசே அமைப்பு இந்த வழியில்தான், மீண்டவர்களே நடத்தும் சமூகமாக வளர்ந்தது. தமிழில் பேசி அப்படிக் கூட நிற்கிற ஆட்கள் இன்னும் வேண்டும்.

சரி, பொன்னாடை வேண்டாமென்றால் என்னதான் செய்வது? கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்வார்கள், ரொம்பச் சின்னதாகச் சொல்வார்கள். பந்து. வேன் வாடகை. பாலாய் ராயாவின் (சமூக மண்டபத்தின்) சாவி, ஒவ்வொரு தடவையும் கடிதம் எழுதிக் கெஞ்சாமல் கிடைக்க வேண்டும். பிறை பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மைதானத்தில் விளக்கு ஏழரைக்கு அணைந்துவிடும், பத்து மணிவரை எரிந்தால் போதும் என்கிறார் அங்கே பயிற்சி கொடுப்பவர். டியூஷன் அக்காவுக்கு மாதம் ஒரு தொகை, நன்கொடை என்ற பெயரில் இல்லாமல் சம்பளம் என்ற பெயரில். வருஷத்தில் இரண்டு வாரம் அவர் ஓய்வெடுக்கும்போது அந்த இடத்தில் உட்கார இன்னொருவர். பையன் ஒருவன் உண்மையைச் சொன்னால் அடுத்த ஐந்து நிமிஷத்தில் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது என்பதற்கு ஒரு முறையான பயிற்சி. இது கொஞ்சம் பெரிய கோரிக்கை, பல்கலைக்கழகம் நம் வாசலிலேயே இருக்கும்போது ஏன் முடியாது என்று எனக்குப் புரியவில்லை.

பட்டம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுங்கள், தாமதமாகக் கொடுங்கள். பத்து வருஷத்துக்கு முன் அந்த பாடாங்கில் ஆடியவர்கள் இன்று இருபத்தைந்து வயதில் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள். விருதுக்குப் பரிந்துரைக்கும் படிவத்தை அரசியல் கட்சிக் கிளையிடம் கொடுக்காமல் அந்தப் பழைய மாணவர்களிடமும் அவர்களுடைய அம்மாக்களிடமும் கொடுங்கள். 'போதை' என்ற சொல்லையே சான்றிதழில் போடாதீர்கள். கால்பந்துக்கு என்று போடுங்கள், தேவாரத்துக்கு என்று போடுங்கள், அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

கோயில் நிர்வாகங்களின் ஆண்டுக் கூட்டங்களில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும். திருவிழா, பந்தல், பூ, அலங்காரம், ஒலிபெருக்கி என்று வரிசையாக வரும், அதற்கு யாரும் கை தூக்கி எதிர்ப்பதில்லை, நானும் எதிர்க்கப் போவதில்லை. அந்த வரிசையில் 'சாயங்கால மண்டபம், பிள்ளைகளுக்கு, வாரம் ஐந்து நாள்: மின்சாரம், தேநீர், ஒரு பொறுப்பாளர்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி இந்த வருஷம் கேட்கலாம். தீர்மானம் முன்கூட்டியே எழுத்தில் போக வேண்டும், முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும்.